என் கையைத் தொட்டவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

சென்ற ஆண்டு மாசியில், சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசு பற்றவைத்துக்கொண்டிருந்தபோது தீ தாவி என் வலது கை வெந்துபோனது. தொடையிலிருந்து தோல் எடுத்து முழங்கையருகே ஒட்டினார்கள். புண் ஆறியது, நிறம் ஆறவில்லை. ஒட்டிய இடம் கன்னங்கரேலென்று ஆனது. லேசாக வெந்த ஓரங்கள் காப்பிப்பொடி நிறம். மணிக்கட்டின் மேற்புறம் மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை. வெண்குஷ்டம் என்று தெருவில் பேச்சு கிளம்பியது. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

தீக்காயப் பிரிவின் செவிலியர் அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. என் கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "நிறம் கொடுக்கும் செல்கள் மேல்தோலின் அடி அடுக்கில் இருக்கின்றன, கண்ணு. ஆழமாக வெந்தால் அவை அழிந்துவிடும், வெளுக்கும். லேசாக வெந்தால் அளவுக்கு மீறிச் சுரக்கும், கறுக்கும். இது யாருக்கும் ஒட்டாது. வெண்புள்ளி வந்தவர்களிடமிருந்தும் எதுவும் ஒட்டாது." வெளியே நின்ற என் மாமியாரைக் கூப்பிட்டு அதையே மறுபடியும் சொன்னீர்கள். அன்று இரவு அத்தை என் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். அத்தைக்கும் என் நன்றி.

சிவப்பழகு க்ரீமோடு வந்து நின்ற என்னைத் தடுத்த தோல் மருத்துவருக்கும் நன்றி. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் தோல் மெலிந்துவிடும் என்று நீங்கள்தான் எச்சரித்தீர்கள். தழும்பு தடிக்காமல் இருக்க நாளுக்கு 23 மணி நேரம் கையில் இறுக்கமாகப் போட வேண்டிய அழுத்த உறையை, வீக்கம் வடிய வடியப் பிடித்துத் தைத்துக் கொடுத்த தையற்கார அண்ணனுக்கும் கடன்பட்டிருக்கிறேன். சேலத்துச் சித்திரை வெயிலில் அது படுத்திய அரிப்பைச் சொல்லி முடியாது.

வெயில் பட்டால் தழும்பு இன்னும் கறுக்கும் என்று கேட்டதுமே, மேற்கு ஜன்னலோரம் இருந்த என் பலகையை உள்ளே மாற்றிய பட்டறை முதலாளியை மறக்க மாட்டேன். நெருப்புப் பக்கமே விடாமல் சலங்கை கோர்க்கக் கொடுத்தார், கூலியில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

போன மாதம் குளிக்கும்போது பார்த்தேன். வெள்ளைத் திட்டுக்குள் மயிர்க்கால்களைச் சுற்றிக் கடுகளவில் பழுப்புப் புள்ளிகள். அங்கே தப்பிய செல்கள் மெல்லப் பரவுகின்றன என்றார் செவிலியர் அக்கா. திட்டு முழுவதும் நிரம்பும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. அந்த நேர்மைக்காகவும் அவரைக் கும்பிடுகிறேன்.

கடைசியாக, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் கடை போட்டிருந்த வளையல்காரம்மா. உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. நான் இடது கையை நீட்டினேன். "அந்தக் கையையும் கொடு தாயி" என்று கேட்டு வாங்கி, தழும்பின் மேல் விரல் வைத்துப் பிடித்து, ஆறு பச்சை வளையல்களை நோகாமல் ஏற்றிவிட்டீர்கள்.

நன்றியுடன்,
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுத் தொழிலாளி