இடது கைத் துப்பாக்கி

தண்டர் பே, ஒன்டாரியோ
அக்டோபர் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

பெரியவள் எழுதுவது. நான் இங்கே நலம். நீங்கள், அம்மா, தம்பி, அவன் பெண்டாட்டி, குட்டிப் பயல் எல்லோரும் நலமா?

உங்கள் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. ஃபோனில் பேசினால் பாதி விஷயம் விட்டுப்போகிறது என்று இந்தக் காலத்திலும் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் ஐந்து மாதமாக ஒரு வரி எழுதவில்லை. வேலை, வேலை என்று சொன்னது முழு உண்மை இல்லை அப்பா. பேனாவை எடுத்தால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூடி வைத்துவிடுவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதல் கேள்வியே துப்பாக்கி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பியிடம் யாரிடமும் சொல்லாதே என்றுதான் சொன்னேன், அவன் வாய் நிற்காது. பயப்படும்படி ஒன்றும் இல்லை. நம் ஊரில் 1972-ல் சட்டம் வந்ததிலிருந்து மானைத் தொட்டால் ஜெயில். இங்கே லைசென்ஸ் எடுத்து, சீசன் பார்த்து, டேக் என்கிற அனுமதிச் சீட்டு வாங்கி, சட்டப்படி சுடலாம். சுட்ட இறைச்சியை விற்கத்தான் கூடாது. வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம். ஒரு மான் கிடைத்தால் எனக்குக் குளிர்காலம் முழுக்க இறைச்சிக் கடைப் பக்கம் போக வேண்டியதில்லை. இங்கே பாதிப்பேர் வீட்டு ஃப்ரீசரில் மான் கறிதான் இருக்கும். செலவுக்குக் கஷ்டப்பட்டு இப்படிச் செய்கிறாள் என்று அம்மா நினைக்க வேண்டாம், எல்லோரும் செய்வதுதான்.

லைசென்ஸ் சும்மா தரவில்லை. வகுப்புக்குப் போய், எழுத்துப் பரீட்சை, கையில் துப்பாக்கி கொடுத்து ஒரு பரீட்சை, இரண்டிலும் 80 மார்க் வாங்க வேண்டும். முதல் தடவை விண்ணப்பிப்பவர்கள் 28 நாளாவது காத்திருந்தே ஆக வேண்டும். அந்தப் படிவத்தில், கடந்த இரண்டு வருடத்தில் மணமுறிவு உண்டா, வேலை போனதா, திவாலானீர்களா என்றெல்லாம் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் எழுதினேன், அது உண்மைதான். முதியோர் இல்லத்தில் என் ஷிஃப்டைக் குறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். குறைந்த ஷிஃப்டைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை.

லைசென்ஸ் வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. அப்பா, இடது கைக்குத் துப்பாக்கி கிடைப்பதில்லை. கடையில் சுவர் முழுக்க வரிசையாக நிற்கிறது, எல்லாவற்றுக்கும் போல்ட் கைப்பிடி, அதாவது ஒவ்வொரு தடவை சுட்டதும் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுகிற கைப்பிடி, வலது பக்கம். இடது கைக்கு என்று கேட்டேன். மூலையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார்கள். யானை கனம், அதன் தோட்டாவும் நான் கேட்ட ரகம் இல்லை, அந்த விலைக்கு வலது கைத் துப்பாக்கி இரண்டு வாங்கிவிடலாம். மற்றதெல்லாம் ஆர்டர் போட வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

செய்யாமல் இல்லை. சாவேஜ் கம்பெனி 1959-லேயே 110 மாடலில் இடது கைக்குச் செய்திருக்கிறது. இன்றைக்கும் அவர்களிடம் மலிவு ரகத்தில்கூட உண்டு. ரூகர் அமெரிக்கன் உண்டு, பின்லாந்தின் டிக்கா உண்டு. ஆனால் உலகத்தில் பத்துப் பேரில் ஒருவர்தான் இடது கைக்காரர். போல்ட்டும் அது ஓடுகிற உடல்பாகமும் கண்ணாடியில் பார்த்தது மாதிரி திருப்பிச் செய்ய வேண்டும், தோளில் வைக்கும் கட்டையையும் தனியாகக் கடைய வேண்டும். அதனால் கொஞ்சமாகச் செய்கிறார்கள், அதிகம் விற்கும் நாலைந்து தோட்டா ரகத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கடைக்காரரும் பணம் முடங்கும் என்று வாங்கி வைப்பதில்லை. பழையது வாங்கலாம் என்றால், ஒன்று வாங்கிய இடது கைக்காரர் அதை விடுவதே இல்லை.

இன்னொரு காரணம் பக்கத்து வீட்டுத் தாத்தா சொன்னார். அவரைப் பற்றி ஃபோனில் சொன்னேனே, பனி பெய்யும்போதும் வெறும் சட்டையோடு வாசல் வழிப்பாரே, அவர்தான். பின்லாந்துக்காரர் குடும்பம், இந்த ஊரில் அவர்கள் ஏராளம். ஒரு நாளைக்கு மொத்தமாகப் பத்து வார்த்தை பேசுவார். அன்றைக்கு மட்டும் அரை மணி நேரம் பேசினார். அந்தக் காலத்தில் ஏழைப்பட்டவர்கள் வேட்டைக்கு வாங்கியதெல்லாம் ராணுவம் கழித்துக் கட்டிய துப்பாக்கிகளாம். அந்தக் கால ராணுவங்கள் இடது கைக்கென்று தனியாகச் செய்து கொடுப்பது வழக்கமில்லை. பிறகு எங்கிருந்து மலிவாக இடது கைத் துப்பாக்கி வரும் என்றார். நியாயம்தான் என்று தோன்றியது. உங்கள் ஆயுதப்படையில் இடது கைக்காரர்கள் வந்தால் என்ன செய்வீர்கள் அப்பா? வலது தோளில் வைக்கப் பழக்கிவிடுவீர்களா? இதற்கு மறக்காமல் பதில் எழுதுங்கள்.

அவர் உள்ளே போய் ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. த்ரீ நாட் த்ரீ, அந்தப் பழைய ராணுவத் துப்பாக்கி. நீங்கள் இஷாப்பூர் என்று சொல்வீர்களே, அதன் தம்பி மாதிரி, நம்பர் 4. டொரோன்டோ பக்கம் லாங் பிராஞ்ச் என்ற இடத்தில் யுத்த காலத்தில் செய்தது. கட்டையின் அடியில் இருக்கும் பித்தளை மூடியைக் கட்டை விரலால் தள்ளித் திறந்து காட்டினார். உள்ளே குட்டி எண்ணெய்ப் புட்டி, குழலைத் துடைக்க உள்ளே விட்டு இழுக்கிற, சுருட்டி வைத்த புல் த்ரூ கயிறு, அதில் கட்டும் ஒரு துண்டு ஃபோர் பை டூ துணி. புட்டி மூடியைத் திருகியதும் அந்த வாசனை வந்தது அப்பா. சாயங்காலம் நீங்கள் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுவீர்களே, அந்தச் சட்டையின் வாசனை. அம்மா எத்தனை சோப்புப் போட்டாலும் போகாதே, அதே வாசனை. பூமிக்கு இந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுத் திண்ணையில் நின்றுகொண்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. தாத்தா ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்க் காபி எடுத்து வந்து வைத்தார்.

அந்தத் துப்பாக்கியை ரேஞ்சில் என்னைச் சுடவிட்டார். எனக்கு இடது கண்தான் கூர்மை, இடது தோளில்தான் உட்காருகிறது. முதல் குண்டு நன்றாகப் போனது. அடுத்ததற்கு போல்ட்டை இழுக்க இடது கையை விசையிலிருந்து எடுத்து, மேலே தாண்டிக் கொண்டுபோய், வலது பக்கக் கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கன்னம் கட்டையிலிருந்து விலகிவிடுகிறது, குறியும் போய்விடுகிறது. காலித் தோட்டா சுடச்சுட என் கண் முன்னால் பறந்து போகிறது. வலது கைக்காரர் இரண்டாவது குண்டு போடும் நேரத்தில் நான் இன்னும் கைப்பிடியைத் தேடிக்கொண்டிருப்பேன். முதல் குண்டு சரியாகப் படாமல் அடிபட்ட மான் காட்டுக்குள் ஓடினால் அந்தப் பாவம் யாருக்கு? அதுதான் எனக்குப் பெரிய உறுத்தல். வலது தோளிலும் நாற்பது குண்டு முயன்று பார்த்தேன். யாரோ ஒருவர் கையைக் கடன் வாங்கியது போல இருந்தது.

நடுவில் உடைத்துத் திறக்கிற ஒற்றைக் குழல் ரகம் ஒன்று உண்டு. அதற்கு வலதும் இல்லை, இடதும் இல்லை. எனக்கு அது சரிப்படும். அதில் விலை குறைவாகக் கிடைத்த ஒன்றை 2015-ல் செய்வதை நிறுத்திவிட்டார்கள். பழையது எங்காவது வந்தால் சொல்கிறேன் என்று தாத்தா சொல்லியிருக்கிறார்.

குளிர் ஆரம்பித்துவிட்டது. இன்னும் பூஜ்யத்துக்குக் கீழே பெரிதாக இறங்கவில்லை, ஜனவரியில் மைனஸ் 30 வரும். ஏரிக் காற்று மட்டும் இப்போதே எலும்பைத் தொடுகிறது. இப்போதெல்லாம் ஷிஃப்ட் முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே யாராவது விளக்குப் போட்டு வைத்திருக்க மாட்டார்களா என்று இருக்கிறது. சரி, அதை விடுங்கள்.

குட்டிப் பயல் பென்சிலை இடது கையில் பிடிக்கிறான், பள்ளிக்கூடத்தில் மிஸ் மாற்றச் சொல்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்கிறீர்களே அப்பா. ஒன்றாம் வகுப்பில் என் விரலில் ஸ்கேலால் அடித்தபோது யூனிஃபார்மோடு வந்து வாசலில் நின்றது யார்? சாப்பாட்டை வலது கையில் சாப்பிடட்டும், எழுத எந்தக் கை வருகிறதோ அதில் எழுதட்டும் என்று நீங்கள் சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. அதையே அந்த மிஸ்ஸிடமும் போய்ச் சொல்லுங்கள். தம்பி சொன்னால் எடுபடாது, நீங்களே போங்கள்.

அடுத்தது உங்கள் கண். புரை முற்றட்டும், தை மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். முற்றும்வரை காத்திருந்ததெல்லாம் பழைய காலம், இப்போது அப்படி வேண்டியதில்லை. உங்கள் எழுத்து மூன்றாம் பக்கத்தில் கோட்டை விட்டு இறங்கிப்போயிருக்கிறது, கவனித்தேன். துப்பாக்கிக்கென்று தனியாக எடுத்து வைத்த பணம் அப்படியே இருக்கிறது. ஆர்டர் போட்டாலும் இந்த சீசனுக்கு வரப்போவதில்லை, சும்மாதான் கிடக்கும். வெள்ளிக்கிழமை அம்மா கணக்கில் போட்டுவிடுகிறேன். ஆபரேஷனுக்குப் போக மிச்சத்தில் மெடிக்கல் கடை பாக்கியைத் தீர்த்துவிடுங்கள். தம்பியிடம் கொடுக்க வேண்டாம், அவன் கடைக்கு அட்வான்ஸ் என்று எடுத்துவிடுவான்.

வீட்டுப் பாகப்பிரிவினைக்குப் பவர் பத்திரம் அனுப்பச் சொன்ன விஷயம் நினைவிருக்கிறது. தூதரகத்தில் நேரம் கேட்டிருக்கிறேன். சித்தப்பா அவசரப்படுத்தினாலும் என் கையெழுத்து வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மூலப் பத்திரம் பீரோவில் அம்மாவின் கூறைப்புடவைக்கு அடியில் இருக்கிறது. அதை நகல் எடுத்துவிட்டுத் திரும்ப அங்கேயே வைத்துவிடுங்கள். பெரிய அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது?

ஆபரேஷன் தேதி தெரிந்ததும் ஃபோன் பண்ணுங்கள், நடு ராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, எடுப்பேன்.

உங்கள் அன்பு மகள்,
பெரியவள்