வளரும் பிள்ளை என்று பெரிய சைக்கிள் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுப்பது நம் தென்மாவட்டங்களில் பல வீடுகளில் உள்ள வழக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விடும் நேரம் என்பதால், சைக்கிள் பழக இதைவிடத் தோதான வாரம் வேறில்லை. சிறுவயதில் அப்படிச் சைக்கிள் கிடைத்தவர்களுக்கு அதன் நிறமும் பெல் சத்தமும் கடைசிவரை மறப்பதில்லை. ஆனால் அந்த விடுமுறையில் பிள்ளை பழகாவிட்டால், பொங்கலுக்குள் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போய்விடும். அதற்குப் பிள்ளையின் பயத்தைக் குறை சொல்வோம். பெரும்பாலும் காரணம் சைக்கிளின் அளவு, இல்லையென்றால் பண்டிகை அவசரத்தில் செய்த ஃபிட்டிங்.

முதலில் அளவு. முந்தைய தலைமுறை 28 அங்குலச் சக்கரம் கொண்ட பெரிய சைக்கிளில், பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுத்தான் பழகியது. சின்ன சைக்கிள் கைக்கு எட்டாத காலம் அது. அந்த நினைவில்தான் இன்றைய பெற்றோரும், "வளர்ற பிள்ளைதானே, ரெண்டு வருஷம் சேர்த்து ஓட்டட்டும்" என்று ஒரு அளவு கூட்டி வாங்குகிறார்கள். கால் தரையில் ஊன்றாத சைக்கிளில் பிள்ளையால் தன்னைத் தானே பிடித்து நிறுத்த முடியாது. இரண்டு முறை விழுந்தால் மூன்றாம் முறை ஏறாது.

வயதைச் சொல்லி வாங்குவதைவிடக் காலை அளந்து வாங்குவது சரி. செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நிற்க வைத்து, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு இடையே மேலே முட்டும்வரை வைத்து, அதன் மேல்விளிம்புக்கு நேராகச் சுவரில் கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ள உயரம் ஏறத்தாழ 45 முதல் 55 செ.மீ. என்றால் 16 அங்குலச் சைக்கிள். 55 முதல் 63 என்றால் 20. அதற்கு மேல் 72 வரை 24. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும் என்பதால் கடையில் சீட்டை முழுக்க இறக்கச் சொல்லி உயரத்தை அளந்து பாருங்கள். புதிதாகப் பழகும் பிள்ளைக்கு அந்த உயரம் கால் அளவைத் தாண்டக் கூடாது. கிறிஸ்துமஸ் தாத்தா கொண்டுவந்ததாக இருக்கட்டும் என்று பிள்ளையைக் கடைக்கு அழைத்துப் போகாதவர்கள், கால் அளவுக்கு ஒரு நூலை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகலாம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்குவோர் கொஞ்சம் யோசிக்கலாம். அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ பிளஸ் ஒன் சேர்ந்தால் அரசே விலையில்லாச் சைக்கிள் தருகிறது.

அடுத்தது ஃபிட்டிங். சைக்கிள் கடைக்கு அட்டைப்பெட்டியில் பாதி பிரித்த நிலையில்தான் வருகிறது. டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரே நாளில் பல வண்டிகளைப் பூட்டும்போது சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. முதலாவது, முன்சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க் பின்முன்னாகத் திரும்பி இருப்பது. ஃபோர்க்கின் கால்கள் முன்பக்கமாக வளைந்திருக்க வேண்டும். திரும்பியிருந்தால் வளைக்கும்போது பிள்ளையின் கால்விரல் டயரில் இடிக்கும்.

இரண்டாவது இடது பெடல். அதன் மரை தலைகீழானது. இடப்பக்கமாகச் சுற்றினால்தான் இறுகும். தெரியாமல் வலது பெடலை இடது கிராங்கில் (பெடல் மாட்டும் கையில்) வைத்து ஸ்பானரால் அழுத்தினால் கிராங்கின் மரை தின்றுபோகும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், சில நாளில் பெடல் ஆடிக் கழன்று விழும். அப்புறம் கிராங்கையே மாற்ற வேண்டியதுதான். பெடல் முனையில் எல், ஆர் எழுத்து இருக்கும். கொஞ்சம் கிரீஸ் தடவி முதலில் கையாலேயே நாலைந்து சுற்று ஏறவேண்டும், பிறகுதான் ஸ்பானர்.

வாங்கும் இடத்திலேயே சோதித்துவிடலாம். முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையே பிடித்துக்கொண்டு ஹாண்டிலைத் திருகுங்கள், அது தனியாகத் திரும்பக் கூடாது. ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் 'டக் டக்' என்றால் கோன் (சக்கர அச்சில் பால்ஸை அணைத்துப் பிடிக்கும் நட்டு) தளர்வு. சுற்றிவிட்டால் கரகரவென்று நின்றால் கோன் இறுக்கம். பிரேக் கட்டை ரிம்மில் மட்டும் பிடிக்க வேண்டும், டயரைத் தொட்டால் கொஞ்ச நாளில் டயரை அறுத்துவிடும். பிரேக் லீவர் பிள்ளையின் விரலுக்கு எட்டுகிறதா என்பதைப் பலரும் பார்ப்பதே இல்லை. எட்டாத பிரேக், இல்லாத பிரேக்தான். பல லீவர்களில் சின்ன திருகு ஒன்று இருக்கும், அதை முடுக்கினால் லீவர் உள்ளே வரும்.

புதிது வாங்க வசதியில்லாதவர்கள் தயங்க வேண்டாம். அண்ணன் ஓட்டிய சைக்கிளையோ பழைய சைக்கிளையோ ஓவராயில் செய்து, அதாவது முழுக்கப் பிரித்துச் சுத்தம் செய்து பூட்டிக் கொடுத்தால் புதிதைவிட நன்றாகவே ஓடும். சக்கர அச்சில் உருளும் இரும்புக் குண்டுகளான பால்ஸை எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவிப் பாருங்கள். ஒன்றில் புள்ளி விழுந்திருந்தாலும் அந்தப் பக்கம் முழுவதையும் மாற்றுங்கள். புதிதும் பழையதும் கலந்தால் புதியதன் மேல் பாரம் ஏறி அதுவும் சீக்கிரம் கெடும். பால்ஸ் அளவு வழக்கமாக முன்சக்கரத்துக்கு 3/16 அங்குலம், பின்சக்கரத்துக்கு 1/4 அங்குலம். செயினை 24 கண்ணிக்கு அளந்தால் 12 அங்குலம் இருக்க வேண்டும். 12 1/8 வந்துவிட்டால் செயின் நீண்டுவிட்டது, மாற்றியே ஆக வேண்டும். பெயின்ட் அடிப்பதானால் துருவை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு என்னும் அடிப்பூச்சு பூசி, அது காய்ந்த பின் இரண்டு பூச்சு. வடகிழக்கு மழையில் பெயின்ட் லேசில் காயாது என்பதால் டிசம்பர் முதல் வாரமே தொடங்கிவிடுவது நல்லது. ரிம்மின் ஓரத்தில் மட்டும் பெயின்ட் படவே கூடாது, பிரேக் வழுக்கும்.

பழக்குவதற்குப் பக்கச் சக்கரம் கட்டாயமில்லை. அது இரண்டு பக்கமும் தரையை அழுத்திக்கொண்டிருந்தால் பிள்ளை சாயவே கற்றுக்கொள்ளாது. பெடல் இரண்டையும் கழற்றி, சீட்டை இறக்கி, காலால் உந்தி ஓட்டவிடுங்கள். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் நேராகப் போகும் அளவு வந்ததும் பெடலை மாட்டினால் போதும். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடும் அப்பாக்கள் ஹாண்டிலைப் பிடிக்கவே கூடாது, பிள்ளைக்குக் கை நிதானம் வராது.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாங்குபவர் எதிரிலேயே பெடலையும் ஹாண்டிலையும் முடுக்கிக் காட்டிக் கொடுங்கள். புதுச் சைக்கிளில் பிரேக் கம்பி இழுபடும், சக்கரத்தின் போக்ஸ் கம்பியும் தளரும். ஆகவே பள்ளி திறப்பதற்கு முன் ஒருமுறை கொண்டுவரச் சொல்லி, சக்கரத்தின் கோட்டம் எடுத்து, நட்டுகளை முடுக்கிவிடுங்கள். கடலோர ஊர்களில் உப்புக்காற்று செயினையும் பிரேக் கம்பியையும் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். அன்றைக்கே அவற்றுக்கு இரண்டு சொட்டு எண்ணெயும் விட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் பழுதுபார்ப்பவர்,
தூத்துக்குடி