மூன்று பைகள்

பங்குத் தந்தைக்கும், பங்குப் பேரவைத் தலைவருக்கும், உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் யாரென்று உங்களுக்குத் தெரியும். ஈஸ்டர் கழிந்த இரண்டாம் ஞாயிறு பூசைக்குப் பிறகு என்ன நடந்தது என்பதும் தெரியும். நான் எழுதிக் கொடுத்த கடிதத்துக்குப் பதில் இல்லை. நேரில் வந்து கேட்டபோது, "அதுதான் முடிந்துவிட்டதே, சிஸ்டர்" என்றீர்கள். எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காணிக்கையில் நூற்றெண்பது வெள்ளி (ரிங்கிட்) குறைந்தது. அன்று பீடத்தில் உதவிய பிள்ளைகள் ஏழு பேர். ஏழு பைகளும் ஒரே பெஞ்சில்தான் கிடந்தன. திறந்து பார்த்தது மூன்றை. அந்த மூன்றும் தமிழ்ப் பிள்ளைகளுடையவை என்று நான் சொல்லவா வேண்டும்? அரை மணி நேரத்தில் பணம் வேறோர் உறைக்குள் கிடைத்துவிட்டது, எண்ணியதில்தான் தவறு. பிள்ளைகளிடம் "சரி, போகலாம்" என்றார் பைகளைத் திறக்கச் சொன்ன பேரவை உறுப்பினர், அந்த அங்கிள். வேறு ஒரு வார்த்தை இல்லை.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. மறைக்கல்விப் புத்தகம், காயா (தேங்காய்ப்பால் ஜாம்) தடவிய ரொட்டி, மாற்றுச் சட்டை, தண்ணீர்ப் போத்தல் என்று ஒவ்வொன்றாக மேசைமேல் எடுத்து வைத்திருக்கிறான். மற்ற நால்வரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் இவனோடு தினமும் பூப்பந்து விளையாடுகிறவன். என் மகன் வீட்டுக்கு வந்து இதைப் பற்றி மூச்சு விடவில்லை. எனக்கும் அந்த வாரம் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை, முகம் பார்த்துப் பேசவே நேரமில்லை.

அடுத்த சனிக்கிழமை மினி மார்க்கெட்டுக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் அவனாகவே போய் முதுகுப் பையைக் கழற்றிக் கல்லாவில் வைத்தான். வைத்ததோடு நிற்காமல் ஜிப்பையும் முழுசாகத் திறந்து விட்டான். கல்லாவில் இருந்த பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரும் கேட்கலையேடா" என்றேன். "பிறகு கேட்பாங்கம்மா" என்றான். அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் இதேதான். கடைக்குள் இருக்கும்வரை கால்சட்டைப் பையில் கை விடமாட்டான். மற்ற இரண்டு பையன்களில் ஒருவன் கோயிலுக்கே வருவதில்லை. அவன் பாட்டியைக் கேட்டால் கால்வலி, பஸ் இல்லை என்று ஏதோ சொல்லிச் சமாளிக்கிறார்.

"இது இனப் பிரச்சினை இல்லை, பழக்கத்தில் செய்தது" என்றீர்கள். எந்தப் பழக்கம் என்பதுதான் என் கேள்வி. அதைப் பேசத்தான் கூப்பிடுகிறேன். யாரையும் பதவியிலிருந்து இறக்கச் சொல்லவில்லை, காவல் நிலையத்துக்கும் போகவில்லை. ஒரு மாலை, ஒரே ஒரு மாலை, மூன்று மொழிப் பூசைக்கு வருகிறவர்களும் ஒன்றாக உட்கார்ந்து, இந்தப் பங்கில் இனம் என்ன வேலை பார்க்கிறது என்று வாய்விட்டுப் பேசுவோம்.

பேசினால் பிளவு வரும், அமைதியாக ஜெபிப்போம் என்கிறீர்கள். திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எருசலேமில் கிரேக்கம் பேசிய கைம்பெண்களுக்கு அன்றாடப் பந்தியில் சரியான கவனிப்பு இல்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. திருத்தூதர் பன்னிருவரும் "இது மொழிப் பிரச்சினை இல்லை, தவறான புரிதல்" என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. எல்லாரையும் கூட்டினார்கள். ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி அந்த ஏழு பெயரும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தின் கையிலேயே பந்தியைக் கொடுத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. பேதுருவே அந்தியோக்கியாவில் யூதர் அல்லாதவர்களோடு உண்பதை விட்டுப் பின்வாங்கியபோது, பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கேட்டார். பேதுருவைக் கேட்கலாம், பேரவை உறுப்பினரைக் கேட்கக்கூடாது என்றால் எப்படி?

இரவு வேலை ஓய்வு நேரத்தில் கைப்பேசியில் ஒன்று படித்தேன். தென்னாப்பிரிக்காவில் டச்சு சீர்திருத்தச் சபை 1857இல் ஒரு முடிவு எடுத்தது. வெள்ளையரும் மற்றவரும் சேர்ந்து வழிபடுவதுதான் விரும்பத்தக்கது, வேதத்துக்கும் பொருந்தும், ஆனால் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனித்தனியாகவும் வழிபடலாம் என்று. சிலருக்காகக் கொடுத்த சலுகை பிறகு தனித்தனிச் சபைகளாகவே ஆகிப்போனது. தமிழ்ப் பூசையை "வசதிக்காக" மதியம் இரண்டு மணிக்குத் தள்ளி, ஏர்கோன் சாவி வேறொருவர் கையில் இருக்கும் நம் பங்கை அதோடு ஒப்பிடுவது அதிகம்தான். ஆனாலும் அந்த "வசதி" என்ற சொல்லைப் பார்க்கும்போது எனக்கு "பலவீனம்" ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. அமெரிக்காவில் தென்பகுதி பாப்டிஸ்டுகள் அடிமை வைத்திருப்பவரும் மறைபணியாளர் ஆகலாம் என்ற சண்டையில் 1845இல் பிரிந்து போனவர்கள். மன்னிப்புக் கேட்டது 1995இல். நீங்கள் அந்தக் கணக்கில்தான் போகிறீர்கள் என்றால் சொல்லிவிடுங்கள், என் கொள்ளுப் பேரனிடம் ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

இதற்கிடையில் அறிவிப்புப் பலகையில் பார்த்தேன், மலேசியா தினத்துக்கு ஒற்றுமை விருந்தாம். தமிழ்ப் பிள்ளைகள் பாவாடை தாவணியில் ஒரு நடனம், தமிழ்ப் பெண்கள் இருநூறு முறுக்கு. எங்கள் முறுக்குப் பிடிக்கும், எங்கள் நடனம் பிடிக்கும். எங்கள் பிள்ளைகளின் பைதான் சந்தேகம்! சரி, இப்படிப் பேச வரவில்லை. முறுக்கு சுட்டுத் தருகிறேன். விருந்துக்கு முன்னால் அந்த ஒரு மாலையைத் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பேச்சு எங்கள் பக்கமும் வரும், தெரியும். வரட்டும். ஊரில், தமிழ்நாட்டு வடக்கன்குளம் கோயிலுக்குள்ளேயே சாதிக்கு ஒரு பக்கமென்று தடுப்பு இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கப்பலேறி வந்து, தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நின்ற பிறகும், பெண் பார்க்கப் போகும்போது "அவங்க என்ன ஆளுங்க?" என்று தணிந்த குரலில் கேட்பதை நாம் விடவில்லை. கோயிலில் திருமண ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்த கையோடு கேட்கிறோம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் இந்தோனேசியாவின் புளோரஸ் தீவுப் பிள்ளைகள் வேலை முடிந்த வேகத்தில் நேரே பூசைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது, நானே ஒருமுறை பெஞ்ச் மாறி உட்கார்ந்திருக்கிறேன். எந்தப் பழக்கத்தில் மாறினேன் என்று என்னையும் யாராவது கேட்கட்டும். அந்த மாலையில் முதலில் எழுந்து இதைச் சொல்ல நான் தயார். அதற்கப்புறம் அந்த அங்கிளும் பேசுவார் என்று நம்புகிறேன். அவர் கெட்டவர் இல்லை. என் அப்பா இறந்தபோது மயானம்வரை நடந்து வந்தவர். அதனால்தான் இந்த ஏழு பையில் மூன்று என்னை இவ்வளவு அறுக்கிறது.

மண்டபத்தை ஒரு மாலை திறந்து வையுங்கள். மாண்டரினும் மலாயும் தமிழும் மாற்றிச் சொல்ல இளையோர் இருக்கிறார்கள், கேட்டுவிட்டேன், சம்மதித்திருக்கிறார்கள். தேநீர் என் செலவு. சனிக்கிழமை என்றால் மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்துவிடுவேன், வேறு நாள் என்றால் லீவு எழுத வேண்டும், ஒரு வாரம் முன்னால் சொன்னால் உதவியாக இருக்கும். தயவுசெய்து இந்தக் கடிதத்துக்காவது பதில் போடுங்கள்.

கடைசியாக, அன்று மேசைமேல் எடுத்து வைத்த தண்ணீர்ப் போத்தலை மகன் அங்கேயே விட்டுவிட்டான். நீல நிறம், மூடியில் பெயர் ஒட்டியிருக்கும். போய் எடுத்துவாடா என்றால் போகமாட்டேன் என்கிறான். யார் கண்ணிலாவது பட்டால் எடுத்து வையுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பீடச் சிறுவன் ஒருவனின் அம்மா