முகம் காட்டாத வேலைக்காரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அந்தக் காலத்துக் கார்ட்டூன்களில் சூதுவாது கிடையாது, இன்றைய பிள்ளைகள் கொடுத்து வைக்காதவர்கள் என்று ஞாயிறு இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பாதிக்குப் பாதி ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் அப்போது கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, வீட்டில் மட்டும்தான் டிவி. மலேசியாவில் வண்ண ஒளிபரப்பு வந்தது 1978 கடைசியில். இது அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் பெட்டி, நான்கு கால் வைத்தது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினால் போதும், லயத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கிராணி வீட்டுச் சன்னல் கம்பியில் தொங்குவோம். 'டோம் அண்ட் ஜெர்ரி' எங்களுக்குப் பூனை எலிப் படம். அதிகம் பேச்சு இல்லாததால் ஆங்கிலம் தெரியாததும் ஒரு குறையாகப் படவில்லை. சில நாள் பாதியிலேயே சன்னலைச் சாத்திவிடுவார்கள். பூனை அன்றைக்கு எலியைப் பிடித்ததா இல்லையா என்ற பாக்கி எனக்கு நிறைய உண்டு!

அம்மாவுக்குத் துரை பங்களாவில் வேலை. ஒருநாள் என்னைத் தேடி வந்தவர் அப்படியே சன்னலோரம் நின்றுவிட்டார். படத்தில் உடைந்த தட்டுகளுக்கு நடுவே அந்த வீட்டு வேலைக்காரி. தடித்த இரண்டு கால்களும் ஒரு துடைப்பமும்தான் தெரிந்தன. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. "ஆடுறது அதுங்க ரெண்டும். கூட்டுறது யாரு?" என்றார். வீட்டுக்கு நடக்கும்போது, "அந்தம்மா மூஞ்சிய ஏன் காட்டவே மாட்டேங்கிறாங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு அப்போது வயதில்லை.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1940இல் ஹன்னாவும் பார்பராவும் தொடங்கிய வரிசை அது. ஏழு ஆஸ்கார் வாங்கியது. அந்த வேலைக்காரி ஒரு கறுப்பினப் பெண். அவருக்குக் குரல் கொடுத்த லிலியன் ராண்டால்ஃபின் பெயரைப் படத்தில் போடவில்லை. கறுப்பினப் பெண்ணை இப்படிக் காட்டுவதற்குக் கறுப்பின மக்களின் அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. 1960களில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் அந்த வேலைக்காரியை அழித்துவிட்டு ஒல்லியான வெள்ளைக்காரப் பெண்ணை வரைந்தார்கள். இது என்ன நியாயம்? வேலைக்காரியை வேலையை விட்டே நிறுத்திய மாதிரி அல்லவா இருக்கிறது! 1950இல் வந்த ஒரு படத்தில் அந்தப் பழைய வேலைக்காரி வேகமாக ஓடி வரும்போது ஒரு நொடி முகம் தெரியும். போனில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கண்டுபிடித்தேன்.

பேரன் பார்க்கும் மலேசியக் கார்ட்டூன் உப்பின் இப்பினில் சாப்பாட்டுக் கடை அங்கிள் முத்துவுக்கு முகம் இருக்கிறது, மகன் ராஜு இருக்கிறான். அது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பூனை எலிப் படம் போட்டால் அடுப்பை அணைத்துவிட்டு உட்காருவதும் நான்தான்.

அம்மாவுக்கு இப்போது வயது 83. போன வாரம் பேரன் போனை அவர் முன்னால் நீட்டினான். அதே கால்கள், அதே துடைப்பம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தவர், "இவ இன்னுமா கூட்டிக்கிட்டு இருக்கா?" என்றார்.

ஒரு வாசகி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.