கூடங்குளம் அணுமின் நிலையத்தில் மின் பாதுகாப்பு மாற்றங்களை ஒப்புதலுக்கு முன்பே மக்களுக்குத் தெரிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற துணை மின்நிலைய ஆபரேட்டர்,
இராதாபுரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்,
நியாமக் பவன், அணுசக்தி நகர், மும்பை – 400094.

பொருள்: கூடங்குளம் அலகுகளின் மின் பாதுகாப்பு அமைப்பில் செய்யப்படும் மாற்றங்களின் ஆய்வுச் சுருக்கத்தைத் தமிழில் வெளியிட்டு, கேள்வி கேட்க அவகாசம் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் முப்பத்தொரு வருடம் துணை மின்நிலையங்களில் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கூடங்குளம் உலைக் கட்டடங்கள் தெரியும். நிலையத்தை மூடச் சொல்லி இந்த மனுவை எழுதவில்லை. நிலையத்தை இயக்கக் கூடாது என்று போடப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 மே 6 அன்று தீர்ப்பு சொல்லிவிட்டது. முதல் அலகு 2014 டிசம்பர் முதலும், இரண்டாம் அலகு 2017 மார்ச் முதலும் வணிக உற்பத்தியில் இருக்கின்றன. நான் கேட்பது ஒன்றுதான். அங்கே ஒரு ரிலேயையோ (கோளாறைக் கண்டுபிடித்து இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும் கருவி), பேட்டரி சார்ஜரையோ, கேபிள் பாதையையோ மாற்ற உங்கள் வாரியத்திடம் ஒப்புதல் கேட்கும்போது, அதை நீங்கள் எப்படி ஆராய்ந்தீர்கள் என்பது பக்கத்தில் குடியிருக்கும் எங்களுக்கும் தெரிய வேண்டும்.

கரண்ட் தயாரிக்கிற இடத்துக்கே கரண்ட் தேவை என்று சொன்னால் எங்கள் ஊரில் பலரும் ஆச்சரியப்படுகிறார்கள். அணுஉலையை நிறுத்தினாலும் எரிபொருளின் சூடு உடனே அடங்குவதில்லை. கூடங்குளத்து உலை ஒவ்வொன்றும் 3000 மெகாவாட் வெப்பம் தருவது. நிறுத்திய நொடியில் அதில் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்றால் 180 மெகாவாட். நேரம் போகப் போகக் குறையும், ஆனாலும் நாட்கணக்கில் அதை வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பம்பு ஓட வேண்டும், வால்வு திறக்க வேண்டும், ஆபரேட்டரின் கண்முன் மீட்டர்கள் உயிரோடு இருக்க வேண்டும். 2011 மார்ச்சில் புகுஷிமாவில் உலைகள் நிலநடுக்கம் வந்ததுமே நின்றுவிட்டன. பிறகு வந்த கடல்நீர் டீசல் ஜெனரேட்டர்களையும், கரண்டைப் பிரித்து அனுப்பும் சுவிட்ச்கியரையும் மூழ்கடித்தது. நிறுத்திய உலையைக் குளிர்விக்கக் கரண்ட் இல்லாமல் போனதால்தான் எல்லாம் நடந்தது.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு துணை மின்நிலையத்தில் ஒரு ஃபீடர் (ஊர்களுக்குக் கரண்ட் கொண்டுபோகும் லைன்) பேனலின் பழைய ரிலேயை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினார்கள். சோதனைப் பெட்டியை வைத்துப் பார்த்தார்கள், ரிலே சரியாக வேலை செய்தது. கையெழுத்துப் போட்டு முடித்தாயிற்று. சில மாதம் கழித்து ஒரு மழை ராத்திரியில் அந்த ஃபீடரில் கம்பி அறுந்து விழுந்தது. ரிலே கோளாறைக் கண்டுபிடித்தது, ஆனால் லைனைத் துண்டிக்க வேண்டிய பிரேக்கர் விழவில்லை. பிரேக்கரை விழவைக்கும் டிரிப் காயிலுக்குப் போகும் டிசி வயர் வேறு முனையில் கட்டப்பட்டிருந்தது. மேலே இருந்த டிரான்ஸ்ஃபார்மர் பிரேக்கர் விழுந்து சுற்றுவட்டாரம் முழுக்க இருட்டானது. அறுந்த கம்பி அதுவரை உயிரோடு கிடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது. மாற்றிய பொருளில் குறையே இல்லை. அது சேர்ந்த இடத்தில்தான் குறை. ரிலே வரைக்கும் சோதித்தவர்கள் பிரேக்கரை ஒருமுறை விழவைத்துப் பார்க்கவில்லை.

இதே கதையை சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் பெரிய அளவில் பார்க்கலாம். 2006 ஜூலை 25 அன்று அங்கே நிலையத்தை வெளி மின்லைன்களோடு இணைக்கும் 400 கிலோவோல்ட் சுவிட்ச்யார்டில் பராமரிப்பு வேலையின்போது ஷார்ட் ஆனது. அதைத் தொடர்ந்து வந்த மின்னழுத்த ஏற்றத்தில் நான்கு யுபிஎஸ்களில் (தடையில்லாமல் கரண்ட் தரும் பேட்டரிப் பெட்டிகள்) இரண்டு நின்றுவிட்டன. நான்கு டீசல் ஜெனரேட்டர்களும் கிளம்பின. ஆனால் இரண்டு மட்டும் கரண்டைப் பகிர்ந்து கொடுக்கும் பொதுக் கம்பியான பஸ்ஸில் சேரவில்லை, ஏனென்றால் அவற்றின் வேகத்தை அளக்கும் கருவிக்குக் கரண்ட் கொடுத்ததே நின்றுபோன அந்த யுபிஎஸ்தான். சுவிட்ச்யார்டில் கரண்ட் போனால் காப்பாற்ற வேண்டிய டீசல், அதே சுவிட்ச்யார்டின் அதிர்ச்சி தாக்கக்கூடிய ஒரு பெட்டியை நம்பி நின்றது. ஆபரேட்டர்கள் கையால் இணைக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. அதற்கு முந்தைய வருடம் மாற்றிய குறை அலைவெண் பாதுகாப்பும் (கரண்டின் அலைவெண் குறைந்தால் துண்டிக்கும் ஏற்பாடு) பேஸ் வரிசை மாறிக் கட்டப்பட்டிருந்ததால் வேலை செய்யவில்லை என்பதும் அப்புறம் தெரியவந்தது. எங்கள் பேனலில் நடந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் ஐயா?

இன்னொன்று எங்கள் விவசாயிகளுக்கே புரியும். மூன்று பேஸில் ஒன்று போனால் பம்புசெட் மோட்டார் உறுமிக்கொண்டே கருகிவிடும். அதனால்தான் கிணற்றடிப் பெட்டியில் சிங்கிள் பேஸ் தடுப்பானை மாட்டி வைக்கிறோம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பைரன் அணுமின் நிலையத்தின் இரண்டாம் அலகில் 2012 ஜனவரி 30 அன்று ஒரு பேஸின் இன்சுலேட்டர் உடைந்து விழுந்தது. உலை நின்றது. ஆனால் மற்ற இரண்டு பேஸும் நன்றாக இருந்ததால், பாதுகாப்பு ரிலேக்கள் கரண்ட் இருப்பதாகவே நினைத்துக்கொண்டன. டீசல் ஜெனரேட்டர்களுக்கு அழைப்பே போகவில்லை, பம்புகள் ஒவ்வொன்றாக டிரிப் ஆயின. சுமார் எட்டு நிமிடம் கழித்து ஆபரேட்டர்கள் நிலைமையைப் புரிந்துகொண்டு வெளிச் சப்ளையைத் துண்டித்த பிறகுதான் டீசல் சுமையை எடுத்தது. அந்த ஜூலையிலேயே அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு எல்லா நிலையங்களுக்கும் எழுதி, உங்கள் வடிவமைப்பில் இது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்கம் கேட்டது. அந்தக் கடிதத்தையும் வந்த பதில்களையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

வெளிநாட்டை மட்டும் சொல்லவில்லை. நம் நாட்டிலேயே, உத்தரப் பிரதேசத்து நரோரா அணுமின் நிலையத்தில் 1993 மார்ச் 31 விடியற்காலையில் டர்பைன் பிளேடு உடைந்து, ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. ஒன்று போனால் இன்னொன்று என்று வைத்திருந்த மாற்று சப்ளைகளின் கேபிள்கள் தீத்தடுப்பு இல்லாமல் பக்கம் பக்கமாக ஓடியதால் எல்லாமே சேர்ந்து எரிந்தன. சுமார் 17 மணி நேரம் நிலையத்தில் கரண்ட் இல்லை. கட்டுப்பாட்டு அறையில் புகை. டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு உலைக் கட்டடத்தில் ஏறி, கையால், உலையின் அணுப்பிளவை அடக்கும் போரான் கரைசலைத் திறந்துவிட்ட அந்த ஊழியர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகள்தான் நீராவிக் கலன்களுக்குத் தண்ணீர் கொடுத்தன.

கூடங்குளத்தில் ஒவ்வொரு அலகுக்கும் நான்கு தனித்தனிப் பாதுகாப்புத் தொடர்கள் (ஒன்று போனாலும் மற்றது காக்கும்படி வைத்த பம்பு, கேபிள், கருவித் தொகுப்புகள்) இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் சொந்த டீசல் இருக்கிறது, கரண்டே இல்லாமல் இயற்கையான காற்றோட்டத்தில் வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடும் இருக்கிறது. நல்ல வடிவமைப்புதான். ஆனால் நான்கு என்பது நிலையம் கட்டிய நாளில் எண்ணிய எண்ணிக்கை. நான்கிலும் ஒரே மென்பொருள் உள்ள புது ரிலேக்களை மாட்டினால், அந்த மென்பொருளைப் பொறுத்தவரை நான்கு ஒன்றாகிவிடும். எளிதாக இருக்கிறது என்று ஒரு கேபிளைப் பக்கத்துத் தொடரின் கேபிள் டிரேயில் இழுத்தாலும் அப்படித்தான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. பத்து வருடம் ஓடிய நிலையத்தில் பழைய உதிரிபாகம் கிடைக்காது, அதனால் மாற்றங்கள் வந்துகொண்டேதான் இருக்கும்.

இயங்கும் நிலையங்களுக்கான பாதுகாப்பு ஆய்வுக் குழு உட்பட, பல படிகளில் உங்கள் வாரியம் ஆய்வு செய்கிறது என்பதை அறிவேன். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த ஆய்வு எந்தக் கேள்விகளைக் கேட்டது, என்ன பதில் வந்தது என்பது தமிழில் எங்கள் கைக்கு வந்ததில்லை. அமெரிக்காவில் உரிமத்தையே திருத்த வேண்டிய மாற்றம் என்றால், அதைப் பொது அறிவிப்பாக வெளியிட்டுக் கருத்துச் சொல்ல 30 நாளும், விசாரணை கோர 60 நாளும் தருகிறார்கள். நம் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4(1)(இ) கூட, மக்களைப் பாதிக்கும் முடிவுகளை அறிவிக்கும்போது தொடர்புடைய விவரங்களைத் தானாகவே வெளியிட வேண்டும் என்றுதான் சொல்கிறது.

ஆகவே, அலகு 1, 2இன் மின் பாதுகாப்பு அமைப்பில் எந்த மாற்றத்துக்கும் ஒப்புதல் தருவதற்கு முன், அதன் சுருக்கத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டு, குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து, வரும் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தர வேண்டுகிறேன். எந்தக் கருவி மாறுகிறது, ஏன் மாறுகிறது, நான்கு தொடர்களுக்கும் பொதுவான ஏதாவது புதிதாக உள்ளே வருகிறதா, கடைசிப் பிரேக்கர் விழும் வரைக்கும் முழுப் பாதையும் சோதிக்கப்பட்டதா என்பது அதில் இருந்தால் போதும். காவல் சம்பந்தப்பட்ட ரகசியங்களும், கேபிள் எந்தச் சுவரின் பின்னால் ஓடுகிறது என்ற வரைபடமும் எங்களுக்கு வேண்டாம். அவசர வேலையாக இருந்தால் முதலில் செய்யட்டும், சுருக்கம் பிறகு வரட்டும்.

அதோடு, வெளிச் சப்ளையில் ஒரு பேஸ் மட்டும் அறுந்தால் கூடங்குளம் அலகுகள் அதைத் தானாகக் கண்டுகொள்ளுமா, இல்லை ஆபரேட்டரின் கண்ணை நம்பியிருக்கிறதா என்பதையும் தெரிவிக்க வேண்டும். ஒக்கி புயலில் பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டத்தில் மின்கம்பங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்ததையும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் மாவட்டம் பட்ட பாட்டையும் பார்த்தவர்கள் நாங்கள். இது எங்களுக்கு வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. கூடங்குளத்தில் கட்டப்பட்டு வரும் புதிய அலகுகளில் கேபிள் பதிக்கும் இடங்களை, அந்த வேலையில் சம்பந்தப்படாத பொறியாளர்கள் நேரில் நடந்து பார்த்து, வரைபடமும் நிஜமும் ஒன்றாக இருப்பதாகக் கையெழுத்திட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இராதாபுரத்திலோ திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்திலோ இதை விளக்க ஒரு கூட்டம் வைத்தால், எங்கள் ஊரிலிருந்து மின்வேலை தெரிந்த ஓய்வு பெற்றவர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு வருகிறேன். இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற துணை மின்நிலைய ஆபரேட்டர்

இடம்: இராதாபுரம் வட்டம்