மீனாளுக்கு, சரியான அளவு பற்றி

மீனா,

நேற்று போனில் பேச்சோடு பேச்சாக நீ சொன்னதை நினைத்து இரவு முழுக்கத் தூக்கமில்லை. சாயங்காலம் ஆனால் மார் கனத்து வலிக்கிறது, தோள் விண்ணென்று தெறிக்கிறது, வீட்டுக்கு வந்து பிராவைக் கழற்றினால்தான் மூச்சே வருகிறது என்றாய். அப்பச்சி பக்கத்தில் இருந்ததால் என்னால் வாய் திறந்து பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இதே வலியோடு நான் இருபது வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறேன். அப்போது இங்கே காரைக்குடியில் நான் போகும் கடையில் ஆண்கள்தான் நிற்பார்கள். ஒரு பார்வை பார்த்துவிட்டு 38 என்று ஒரு பெட்டியை நீட்டுவார்கள், நானும் தலை நிமிராமல் பேப்பரில் சுற்றி வாங்கி வருவேன். உன் ஆயாவிடம் கேட்கலாம் என்றால் அவர்களுக்குக் கண்டாங்கிச் சேலையோடு சரி, ரவிக்கையே கிடையாது. தோள் இரண்டிலும் விரல் பதிகிற அளவுக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. ஒரு நாள் இடது மாரில் வலி வந்ததும் பயந்துபோய் டாக்டரம்மாவிடம் போனேன். நன்றாகப் பரிசோதித்துவிட்டு, கட்டி எதுவும் இல்லை, நீங்கள் போட்டிருப்பது உங்கள் அளவே இல்லை என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டாம் கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தையல் டேப்பால் அளந்தேன். மாருக்குக் கீழே சுற்றளவு 34 இஞ்சு, எடுப்பான இடத்தில் 38. வித்தியாசம் ஒரு இஞ்சு என்றால் ஏ கப், இரண்டு பி, மூன்று சி, நான்கு டி. அப்படியென்றால் என் அளவு 34 டி, நான் போட்டதோ 38 பி! 34 டி, 36 சி, 38 பி மூன்றிலும் கப்பின் கொள்ளளவு ஒன்றுதான், அதனால் முன்பக்கம் பார்க்கச் சரியாகவே இருந்தது, எனக்குச் சந்தேகமே வரவில்லை. சுற்றி வரும் பட்டைதான் தொளதொள. மார்பகத்துக்குள் தசை கிடையாதுடி, தோலும் மெல்லிய நார்களும்தான் அதைப் பிடித்திருக்கின்றன. பாரத்தின் பெரும்பங்கை அந்தப் பட்டைதான் தாங்க வேண்டும். அது தளர்ந்தால் முதுகில் மேலேறும், முன்னால் மார் இறங்கும், பாரமெல்லாம் தோள்வாரில் தொங்கும், நாம் வாரை இன்னும் இழுத்து இறுக்குவோம், தோள் இன்னும் வெட்டும். வருஷக்கணக்காக நான் செய்தது இதைத்தான்.

நீ இன்றைக்கே கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று பார். பட்டை முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் இழுபடக் கூடாது. கப்புக்கு மேலே சதை பிதுங்கினால் கப் சிறிது. இரண்டு கப்புக்கும் இடையே உள்ள நடுப்பகுதி நெஞ்செலும்பில் ஒட்டாமல் நின்றாலும் பெரும்பாலும் அப்படித்தான். புதிதாக வாங்கும்போது கடைசிக் கொக்கியில் சரியாக இருப்பதாக எடு, எலாஸ்டிக் நாள்படத் தளரும், அப்போது உள்கொக்கிக்கு மாறலாம். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும், போட்டுப் பார்க்காமல் வாங்காதே. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் மார் கொஞ்சம் வீங்கி நோகும், அந்த நாட்களுக்குக் கம்பி இல்லாத மெத்தென்ற ஒன்று தனியாக இருக்கட்டும்.

அப்புறம், கம்பி வைத்தது போட்டால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை எனக்கு அனுப்பியிருந்தாயே, அதை நம்பாதே. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து பிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையத்தில், மாதவிலக்கு நின்ற 1,500 பெண்களுக்கு மேல் விசாரித்து 2014-ல் வெளியிட்டார்கள். கம்பி உண்டா இல்லையா, தினம் எத்தனை மணி நேரம் போடுகிறார்கள், எதற்கும் மார்பகப் புற்றுநோயோடு தொடர்பு தெரியவில்லை. ஆனால் கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பில் ரத்தம் வந்தாலோ, தோல் குழிந்தாலோ, ஒரே இடத்தில் வலி விடாமல் இருந்தாலோ பிராவைக் குறை சொல்லிக்கொண்டு இருக்காமல் உடனே டாக்டரைப் பார்.

இன்னொன்று, துவைத்ததைத் துண்டுக்கு அடியில் ஒளித்துக் காயப்போடாதே. நம் வளவு வீட்டில் எல்லோரும் அப்படித்தான் போட்டோம், ஈரம் முழுசாகப் போகாமலே எடுத்து மாட்டி, வியர்வையும் சேர்ந்து மாருக்கடியில் சிவந்து அரித்து எத்தனை கோடை அவதிப்பட்டேன். வெயிலில் போடு, யார் பார்த்தால் என்ன.

டேப் இல்லையென்றால் ஒரு நூலைச் சுற்றி ஸ்கேலில் வைத்துப் பார்த்து இரண்டு எண்ணையும் எனக்கு அனுப்பு. மனகோலம் பலகாரம் சுட்டு டப்பாவில் போட்டுவிட்டேன், அப்பச்சி அடுத்த வாரம் வரும்போது கொண்டுவருவார்கள்.

உன் ஆத்தா