அத்தைக்கு: சின்னவளைக் காப்பகத்தில் சேர்ப்பது பற்றி

அன்புள்ள அத்தை அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் பெங்களூருக்கு ரயில் ஏறி இந்த ஆனியோடு ஓர் ஆண்டு நிறைகிறது. வருகிற திங்கட்கிழமை முதல் சின்னவளைக் குழந்தைகள் காப்பகத்தில் விடுவது என்று நானும் உங்கள் மகனும் முடிவு செய்துவிட்டோம். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நாம் பேசும்போது அந்தப் பக்கத்தில் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு இன்னும் இருவர் கேட்கிறார்கள், இந்தப் பக்கத்தில் மூன்று பிள்ளைகளும் போனுக்காக அடித்துக்கொள்கிறார்கள். தனியாக எழுதி அனுப்பினால் அது எப்படியும் குடும்பக் குழுவுக்குப் போய்ச் சேரும், போகிற வழியில் ஆளுக்கொரு சொல்லும் சேரும். ஆகவே, நான் வழக்கமாக எழுதும் இடத்திலேயே எழுதிவிடுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்தைப் பெரிதாக்கி, நான் எழுதுவதை எல்லாம் நீங்கள் படிக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். வேறு சில உறவினர்களும் படிப்பார்கள். அவர்களை நினைத்துச் சில இடங்களில் அடக்கி எழுதியிருக்கிறேன், உங்களுக்குப் புரியும்.

மூன்றாவது தரித்திருப்பது தெரிந்த அன்று நம் வீட்டில் நடந்த பேச்சை இங்கே எழுதப் போவதில்லை. யார் வேண்டும் என்றார், யார் வேண்டாம் என்றார் என்பது நம் நால்வரோடு இருக்கட்டும். சின்னவளும் ஒரு நாள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்குவாள். அன்று நீங்கள் சொன்னதில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். "நீ பெத்துக் குடு, நான் வளத்துக்கிடுதேன்" என்றீர்கள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் எதுவும் பேசவில்லை.

என் கணக்கு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நின்றது. மகப்பேறு விடுப்பை உயர்த்தி 2017-இல் சட்டத்தைத் திருத்தினார்களே, அது முதல் இரண்டு பிள்ளைகளுக்குத்தான் 26 வாரம்; மூன்றாவது பிள்ளைக்கு 12 வாரம், அவ்வளவுதான். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கொடுக்கக் கூடாது என்று நான் பேறு பார்த்த மருத்துவமனையின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. மூன்றாவதாகப் பிறந்த பிள்ளைக்கு மட்டும் மூன்றாம் மாதத்தோடு பசி நின்றுவிடுமா என்று அந்தச் சுவரைப் பார்த்துக் கேட்கத் தோன்றியது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. எங்கள் அலுவலகத்தில் அத்தனை பேர் கிடையாது. ஆகவே பெரியவளுக்கும் நடுவுள்ளவனுக்கும் ஆறு மாதம் கூட இருந்த நான், இவளை மூன்றாம் மாதத்தில் உங்கள் மடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். பிறந்த 14-ஆவது வாரத்தில் போட வேண்டிய தடுப்பூசிக்குப் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்றவர் நீங்கள்தான். அன்று மதியம் நீங்கள் அழைத்து, "அழுகை கொஞ்சந்தான், காய்ச்சல் இல்ல" என்று சொன்னபோது என் மேசையில் முடிக்காத பற்றுச்சீட்டுகள் குவிந்து கிடந்தன.

காலையில் நான் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகும் பாலைப் பார்த்து முதல் வாரம் முகம் சுளித்தீர்கள். மாட்டுப் பாலா, கறந்து வைத்துவிட்டுப் போக, என்று நீங்கள் மாமாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. குளிர்ப்பெட்டியில் வைத்த பாலில் ஏடு தனியாகப் பிரிந்து நிற்பதைக் கண்டு திரிந்துவிட்டது என்று பயந்து, அலுவலகத்துக்கே அழைத்தீர்கள். மெல்லச் சுழற்றினால் சேர்ந்துவிடும் என்று சொன்னேன். அதற்கடுத்த வாரம், பக்கத்து வீட்டில் புதிதாகப் பிள்ளை பெற்றிருந்த பெண்ணுக்கு நீங்களே போய் அதைச் சொல்லிக்கொடுத்தீர்கள்: வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்துச் சூடாக்கு, அடுப்பில் நேராக ஏற்றாதே, ஒருமுறை சூடாக்கிய பாலைத் திரும்ப உள்ளே வைக்காதே. நான் சன்னலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று உங்களைப் பற்றி எனக்கு ஏற்பட்ட பெருமையை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

சொல்ல வந்தது காப்பகத்தைப் பற்றி. ஆனால் இதை எழுத உட்கார்ந்தது முதல் அம்மை போட்ட அந்த இரவுதான் முன்னால் வந்து நிற்கிறது.

பெரியவளுக்குத் தண்ணீர் விட்டு, பொருக்கெல்லாம் உதிர்ந்து, அப்பாடா என்று நாம் நிமிர்ந்தபோது நடுவுள்ளவனுக்கும் சின்னவளுக்கும் அடுத்தடுத்துக் கண்டது. கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும், உள்ளே போனது வெளியே வர இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று மருத்துவர் சொன்னார். பெரியவளைத் தனி அறையில் படுக்கவைத்தபோதே காலம் கடந்திருந்தது. சின்னம்மைக்கான ஊசி அரசு போடும் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை. தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். பெரிய பிள்ளைகள் இருவருக்கும் அதைப் போடுவது பற்றி நம் வீட்டில் ஒரு காலத்தில் பேச்சு எழுந்தது. அது ஏன் பேச்சோடு நின்றது என்பதை எழுதமாட்டேன். சின்னவளுக்கு அந்த ஊசிக்கான வயதே வரவில்லை.

வீடு உங்கள் கைக்குப் போயிற்று. நிலையில் வேப்பிலை, அடுப்பில் தாளிப்பு இல்லை, தலை வாரக் கூடாது, வெளியாள் உள்ளே வரக் கூடாது. பங்குனி முழுவதும் கடுகு வெடிக்கும் சத்தத்தைக் கேட்காமலே கழித்தோம். எனக்கு எடுக்க விடுப்பு மீதமில்லை. சம்பளமில்லா விடுப்புக் கேட்டதற்கு மார்ச் மாதக் கணக்கு முடிப்பைக் காட்டினார்கள். தினமும் வெளியே போய் வருகிற நான் அப்போது உங்கள் கணக்கில் வெளியாளாகிவிட்டேன். பிள்ளைகளின் அறைக்குள் வரக் கூடாது, கூடத்தில் படுத்துக்கொள் என்றீர்கள். எனக்குச் சிறு வயதிலேயே சின்னம்மை வந்து போனதால் தாராளமாகப் பால் கொடுக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். "டாக்டருக்குத் தெரியும், ஆத்தாளுக்குத் தெரியுமா" என்று கேட்டீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவு அவள் அழுகை நிற்கவேயில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து எழுந்து வந்தேன். நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தலைக்கு ஊத்திட்டு வா" என்றீர்கள். நடு இரவில் புறவாசலில் மஞ்சள் கரைத்த தண்ணீரை வாளியோடு தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஈரச் சேலையும் சொட்டுகிற கூந்தலுமாக உள்ளே வந்தேன். காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முழங்கால்களுக்கும் இடையே அவளைப் படுக்கவைத்திருந்தீர்கள். ஒரு கண் இமையின் மேலேயும் கொப்புளம். சொறிந்துவிடக் கூடாது என்பதற்காக என் பழைய வாயில் சேலையைக் கிழித்து அவளுடைய இரண்டு கைகளையும் பொதிந்து கட்டியிருந்தீர்கள். வேப்பங்கொழுந்தை எடுத்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரை, படுகிறதா படவில்லையா என்று தெரியாதபடி தடவிக்கொண்டே இருந்தீர்கள். நான் வாங்கிப் பால் கொடுத்தேன். குடிப்பாள், விடுவாள், அழுவாள். நீங்கள் அவளுடைய ஒரு கைக்கட்டை மட்டும் அவிழ்த்துவிட்டு, இடுப்பு வலியோடு குனிந்து, உங்கள் காதை அவள் கைக்கு எட்டும்படி கொண்டு வந்து வைத்தீர்கள். அவள் உங்கள் காது மடலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் பால் குடித்தாள், குடித்தபடியே தூங்கினாள். எவ்வளவு நேரம் அப்படிக் குனிந்திருந்தீர்களோ. நிமிரும்போது, "எனக்கு மூச்சு இருக்க மட்டும் இவ எங்கிட்டதான்" என்றீர்கள்.

அந்த நேரத்தில் உங்கள் காலில் விழுந்திருப்பேன். அடுத்த நொடியே, பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்க நடு இரவில் தலை முழுகி அனுமதி வாங்க வேண்டியிருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டும் உண்மைதான். இந்த ஓர் ஆண்டில் இரண்டில் எதுவும் குறையவில்லை.

பிறகு நீங்கள் போனீர்கள். இளையவரின் மனைவிக்குத் தாய் இல்லை, பேறுகாலத்துக்கு நீங்கள்தான் போக வேண்டும் என்று எல்லோருக்கும் முன்னால் முதலில் சொன்னவளே நான்தான். அதை இன்றும் மறுக்கவில்லை. மூன்று மாதம் என்றீர்கள். தீபாவளிக்கு வருவதாகச் சொன்னீர்கள், பிறகு பொங்கலுக்கு என்றீர்கள். அங்கேயும் ஒரு பிள்ளை உங்கள் கை தேடுகிறது, அவளும் வேலைக்குப் போகிறவள், அவளுக்கும் வேறு வழி இல்லை. எல்லாம் புரிகிறது. ஆனால் குழுவில் இளையவர் போட்ட காணொளியில், நீட்டிய கால்களில் கிடந்தபடி அந்தப் பிள்ளை உங்கள் காதைப் பிடித்திருந்தது. எல்லோரும் இதயக்குறி போட்டார்கள். நானும் போட்டேன். போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய், கழுவிய பாத்திரங்களையே திரும்பக் கழுவினேன்.

இடையில் எப்படிச் சமாளித்தோம் என்பது உங்களுக்கே தெரியும்: சில மாதம் என் அம்மா, சில மாதம் கூலிக்கு ஓர் ஆள், அதன் பிறகு உங்கள் மகன் இரவுப் பணிக்கு மாறிக்கொண்டு பகலில் தூங்காமல் பார்த்துக்கொண்டது. இரவுப் பணி முடிந்து வந்த மனிதர் கையில் பருப்புச்சாதக் கிண்ணத்தோடு உட்கார்ந்தபடியே தூங்கிப்போக, பக்கத்தில் இவள் சாதத்தைத் தரையில் பூசிக்கொண்டிருந்த நாளில்தான் இந்த முடிவு தொடங்கியது. பெரிய பிள்ளைகள் இருவர் பாடும் சற்று எளிதாகியிருக்கிறது. நகரத்து அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் 2025 ஆகஸ்டில் காலை உணவு வந்துவிட்டதால் அவர்களுக்கு அங்கேயே சாப்பாடு. புதன்கிழமைப் பொங்கல் உங்கள் பொங்கல் போல இல்லை என்று நடுவுள்ளவன் சொல்கிறான், ஆனாலும் சாப்பிட்டுவிடுகிறான். சின்னவளுக்கு இரண்டு வயதாகிவிட்டது, அங்கன்வாடியில் விடலாமே என்று மாமா கேட்டார். கேட்டுப் பார்த்தோம். நல்ல இடம்தான், ஆனால் என் அலுவலகம் விடுவதற்கு வெகு முன்பே மூடிவிடும்.

காசு கொடுத்து வளர்க்கிற பிள்ளை என்று நீங்கள் சொல்வீர்கள். யார் வீட்டுப் பிள்ளைகளையோ குறித்துப் பலமுறை சொல்லியும் இருக்கிறீர்கள். உங்களைக் கேட்காமல் முடிவெடுத்ததற்கு வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் கேட்டிருந்தால் நீங்கள் வேண்டாம் என்றிருப்பீர்கள், அதற்கு மேல் உங்கள் மகன் வாய் திறந்திருக்கமாட்டார், இரவுப் பணியும் அப்படியே நீண்டிருக்கும். இன்னொன்றையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று பிள்ளைகளையும் நீங்கள் காசு வாங்காமல் பார்த்தீர்கள் என்பதாலேயே அது யார் கணக்கிலும் வேலையாக ஏறவில்லை. முழங்கால் வலிக்கிறது என்று நீங்கள் சொன்னால் தைலம் வாங்கி வந்தோம், விடுப்புக் கொடுக்கவில்லை. உங்களுக்குப் பிடிக்காததை நானும் கேட்க முடியவில்லை, எனக்குப் பிடிக்காததை உங்களிடமும் சொல்ல முடியவில்லை. காப்பகத்தில் மதியம் என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்று ஒரு நோட்டில் எழுதித் தருகிறார்கள். ஏன் இவ்வளவு நேரம் அழவிட்டீர்கள் என்று நான் அவர்களைக் கேட்கலாம். கேட்டால் என் வீட்டில் யாரும் மூன்று நாள் சாப்பிடாமல் இருக்கமாட்டார்கள்.

இப்படி எழுதிவிட்டு, சென்ற ஆண்டு மே மாதத்தை நினைத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் தொடுத்த வழக்கில், இரண்டு பிள்ளைகளுக்கு மேல் விடுப்பு இல்லை என்ற விதியைக் காட்டி அவருக்கு மகப்பேறு விடுப்பை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன செய்தி வந்ததே, அந்தச் செய்தித்தாள் துண்டைக் கத்தரித்து, மடித்து, என் மதியச் சாப்பாட்டுப் பையில் நீங்கள் வைத்திருந்தீர்கள். எனக்கு அதனால் ஒரு நாள்கூட விடுப்புக் கூடுதலாகக் கிடைக்காது என்பது உங்களுக்கும் தெரியும். எலுமிச்சைச் சாதத்தின் எண்ணெய் பட்ட அந்தத் துண்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

காப்பகம் உழவர் சந்தைக்குப் போகும் வழியில்தான். சென்று பார்த்தோம். தூளி கிடையாது, பாய்தான். பொறுப்பாளர் அம்மாவிடம், இவள் யார் காதையாவது பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, இங்கே காதுக்குப் பஞ்சமில்லை என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

சேர்க்கைப் படிவத்தில் பிள்ளையை வந்து அழைத்துச் செல்ல உரிமை உள்ளவர்கள் என்று மூன்று பெயர் கேட்டிருந்தார்கள். உங்கள் மகன் பெயரையும் என் பெயரையும் எழுதினோம். மூன்றாவதாக என் அம்மா பெயரை எழுதலாம் என்றார்; நான் உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன். நீங்கள் வருவதாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை, இனி நாள் குறிப்பிட்டு எதுவும் சொல்லவும் வேண்டாம். பெயர் எழுதிய ஒவ்வொருவருக்கும் பாஸ்போர்ட் அளவில் இரண்டு புகைப்படம் ஒட்ட வேண்டுமாம். போனில் எடுத்ததை ஏற்கமாட்டார்களாம். இளையவரிடம் சொல்லி ஸ்டூடியோவில் எடுத்து, சனிக்கிழமைக்குள் கிடைக்கும்படி கொரியரில் அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மருமகள்
பாளையங்கோட்டை